வெள்ளைப் புள்ளிக்கு அடியில என்ன இருக்கு?

கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க.

தலை எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல அனுப்புறவங்க கேட்குறது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "டாக்டர், அம்மாவுக்கு மூளையில வெள்ளை வெள்ளையா புள்ளி இருக்காம். ஃபசேகாஸ் கிரேடு ஒண்ணுன்னு போட்டிருக்காங்க. ஸ்ட்ரோக்கா? மறதி நோய் ஆரம்பமா? கூகுள் பண்ணி பயந்துட்டோம்."

முதல்ல பயத்தைக் குறைச்சுடறேன். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 60 முதல் 90 வயது வரை உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்களுக்கு எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தாங்க. இந்த வெள்ளைப் புள்ளி ஒண்ணுகூட இல்லாதவங்க 100-க்கு சுமார் 5 பேர்தான். அதாவது, நரை மாதிரி. கொஞ்சமா இருந்தா வயசு. நிறைய இருந்து, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து படர ஆரம்பிச்சா அது வேற கதை. அப்போ பி.பி-யை ஒழுங்கா கட்டுப்பாட்டுல வைக்கணும்.

ஆனா இந்த இழை அந்த ஆறுதலுக்காக இல்லை. "இது வயசு, அது நோய்"னு நான் இவ்வளவு தைரியமா சொல்றேனே, அந்த தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது? அதைப் பத்தித்தான்.

ஸ்கேனைப் பார்த்து வரலை. ஸ்கேன்ல தெரியறது வெறும் வெள்ளை. எம்.ஆர்.ஐ மெஷின் மூளையைப் படம் பிடிக்கிறதில்லை. திசுவுக்குள்ள இருக்கிற தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கள் காந்தப் புலத்தில் எப்படி நடந்துக்குதுன்னு அளக்குது. அந்த எண்ணை கறுப்பு வெள்ளையா மாத்தி நமக்குக் காட்டுது. வெள்ளைன்னா "இங்க தண்ணி நடந்துக்கற விதம் வேற மாதிரி இருக்கு" அவ்வளவுதான். ஏன் வேற மாதிரி இருக்குங்கிறதுக்கு டஜன் காரணம் இருக்கலாம். நரம்பு இழையைச் சுத்தி இருக்கிற மயலின் உறை தேய்ஞ்சிருக்கலாம். ரத்தக் குழாயைச் சுத்தி இருக்கிற இடைவெளி விரிஞ்சிருக்கலாம். நிஜமாவே ரத்தம் போகாம குட்டி இடம் செத்துப் போயிருக்கலாம். எல்லாமே ஸ்கேன்ல வெள்ளைதான்.

இதைப் பிரிச்சுச் சொன்னது யார் தெரியுமா? ரிப்போர்ட்ல கிரேடு போடுறாங்களே, அந்த அளவுகோலுக்குப் பேர் கொடுத்த அதே ஃபசேகாஸ். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர நரம்பியல் மருத்துவர். 1987-ல அளவுகோலை வெளியிட்டார். அதோட நிறுத்தியிருந்தா அது வெறும் மார்க் போடும் முறையாவே இருந்திருக்கும். அவர் குழு அடுத்து என்ன பண்ணுச்சுன்னா, இறந்த முதியவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ எடுத்து, அதே மூளையை வெட்டி, அந்தந்த வெள்ளை இடத்தை மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. 1993-ல வந்த கட்டுரை.

மூளையின் உள்ளறைகளை ஒட்டி தொப்பி மாதிரி, மெல்லிய கரை மாதிரி வழவழன்னு தெரியற வெள்ளைக்கு ரத்தக் குறைவு காரணமே இல்லை; அறையின் உள்சுவர் அங்கங்க விட்டுப் போய், பக்கத்தில் கொஞ்சம் மயலின் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஒழுங்கில்லாம படர்ந்து ஒண்ணுசேர்ந்த வெள்ளை நிஜமாவே ரத்தக் குறைவால் வந்த சேதம். ஸ்கேன்ல ரெண்டும் ஒரே நிறம். ஸ்லைடுல ரெண்டும் வேற நோய்.

இன்னிக்கு உங்க அம்மாவுக்கு "பயப்படாதீங்க"ன்னு நான் சொல்ற அந்த ஒரு வார்த்தை, முப்பது வருஷத்துக்கு முன்னாடி செத்துப் போன சில முதியவர்களின் மூளையில இருந்து வந்தது. என் கருத்து இதுதான்: மூளையை ஸ்கேன் எடுக்கிறதும், அதே மூளையை மைக்ராஸ்கோப்ல பார்க்கிறதும் ரெண்டு துறையா பிரிஞ்சு கிடக்கிற வரைக்கும், ஸ்கேன் மெஷினுக்குப் போடுற காசுல பாதி வீண்.

கொஞ்சம் கடுமையா தெரியுதா? கணக்கு போட்டுப் பார்ப்போம்.

நல்ல எம்.ஆர்.ஐ படத்தில் ஒரு புள்ளி சுமார் ஒரு கன மில்லிமீட்டர். குண்டூசித் தலை அளவு. அதுக்குள்ள என்ன இருக்கும்? 2024-ல ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து அதைக் காட்டினாங்க. வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்த 45 வயதுப் பெண்மணி ஒருவரின் மூளையில், நோய்ப் பகுதியை அடையறதுக்காக வழியில் எடுக்க வேண்டியிருந்த ஒரு துண்டு. சுமார் ஒரு கன மில்லிமீட்டர். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல படமா மாத்தினப்போ, 57,000 செல்கள். சுமார் 15 கோடி நரம்பு இணைப்புகள். அந்தப் படங்களைச் சேமிக்க 1.4 பெட்டாபைட் இடம், அதாவது 1,400 டெராபைட். இவ்வளவையும் எம்.ஆர்.ஐ ஒரே ஒரு சாம்பல் நிறப் புள்ளியா சுருக்கித் தருது.

மூளை வேலை செய்யறப்போ "பளிச்"னு எரியற மாதிரி செய்தித்தாள்ல படம் போடுவாங்களே, அந்த எஃப்.எம்.ஆர்.ஐ இன்னும் ஒரு படி தள்ளி. அது நரம்பு செல்லைப் பார்க்கிறதே இல்லை. செல் வேலை செஞ்சா அந்தப் பக்கம் ரத்த ஓட்டம் கூடும், ஆக்சிஜன் அளவு மாறும், அதைப் பார்க்குது. எரியறது மூளை இல்லைங்க, ரத்தம். "காதலிக்கும்போது மூளையின் இந்தப் பகுதி எரிகிறது" டைப் செய்திகளை ஃபார்வர்டு பண்றவங்க தயவுசெய்து கவனிக்கவும்.

சரி, அப்போ மைக்ராஸ்கோப்தான் கடைசி நீதிபதியா? அதுவும் இல்லை. எங்க பேத்தாலஜி நண்பர்கள் கோவிச்சுக்கக் கூடாது. ஸ்லைடு காட்டுறது ஒரே ஒரு நாளை. கடைசி நாளை. இருபது வருஷம் நடந்த நோயின் கடைசிக் காட்சியை மட்டும் பார்த்துட்டு கதை சொல்ற மாதிரி.

அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகள் சேர்ந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. எல்லாருமே 75 வயசுக்கு மேல. வருஷா வருஷம் ஞாபக சக்தி பரிசோதனைக்கு உட்கார்ந்தாங்க. இறந்த பிறகு மூளையைத் தர்றோம்னு அத்தனை பேரும் எழுதிக் கொடுத்தாங்க. அதில் ஒரு சகோதரி 101 வயசு வரைக்கும் தெளிவா இருந்தார், பரிசோதனையில் நல்ல மதிப்பெண். மூளையைத் திறந்து பார்த்தா அல்சைமர் படிவுகள் ஏராளம்! ஸ்லைடை மட்டும் கையில கொடுத்து "இவர் எப்படி இருந்திருப்பார்?"னு கேட்டிருந்தா, எல்லா பேத்தாலஜிஸ்ட்டும் "கடுமையான மறதி நோய்"னுதான் எழுதியிருப்பாங்க. உயிரோட இருந்தப்போ அவரைப் பார்த்த பதிவு பக்கத்தில் இருந்ததாலதான் அந்த ஸ்லைடுக்கு அர்த்தம் வந்தது.

ஆக, ஒரே மனுஷன், ஒரே மூளை. உயிரோட இருந்தப்போ எடுத்த ஸ்கேன், இறந்த பிறகு பார்த்த திசு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வேணும். வேற வேற ஆளோட ஸ்கேனையும் ஸ்லைடையும் ஒப்பிட்டுப் பேசறது ஊர்க்கதை.

இதுக்கு எனக்குத் தெரிஞ்சு மிகச் சிறந்த உதாரணம் ஹென்றி மொலைசன். மருத்துவம் படிச்சவங்களுக்கு "எச்.எம்." என்றால் தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

1953. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு. 27 வயது இளைஞர். கட்டுப்படாத வலிப்பு. வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் ரெண்டு பக்கமும் மூளையின் உட்புற டெம்போரல் பகுதியை எடுத்துட்டார். வலிப்பு குறைஞ்சது. ஆனா அன்னையிலிருந்து ஹென்றியால் புதுசா எதையும் ஞாபகம் வச்சுக்க முடியலை. இப்போ பார்த்துப் பேசின டாக்டர் வெளியே போய் திரும்பி வந்தா, முதல் தடவை பார்க்கிற மாதிரி கை கொடுப்பார். 55 வருஷம் அப்படியே வாழ்ந்தார். ஞாபகம் உருவாக ஹிப்போகேம்பஸ் வேணும்னு நாம பாடப் புத்தகத்துல படிக்கிறோமே, அதுக்குப் பெரிய ஆதாரம் இந்த ஒரு மனுஷன்.

ஆனா உள்ள என்ன எடுத்தாங்க, எவ்வளவு எடுத்தாங்க? ஸ்கோவில் தன் குறிப்பில் 8 சென்டிமீட்டர் உள்ளே வரைக்கும் எடுத்ததா எழுதினார். உலகம் நாற்பது வருஷம் அதை நம்பி, "ஹிப்போகேம்பஸ் முழுசா போச்சு"ன்னு பாடம் நடத்துச்சு. 90-களில் எம்.ஆர்.ஐ எடுத்தாங்க. எடுத்தது சுமார் 5 சென்டிமீட்டர்தான். பின்பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஆனா அது சுருங்கிப் போய் வேலைக்காகாததுன்னு நினைச்சாங்க. ஸ்கேன்ல அதுக்கு மேல சொல்ல வழியில்லை.

2008 டிசம்பர் 2, ஹென்றி 82 வயசுல இறந்தார். அன்னிக்கு ராத்திரியே பாஸ்டனில் இறந்த உடலுக்கு மணிக்கணக்கா எம்.ஆர்.ஐ எடுத்தாங்க. பிறகு மூளையை எடுத்து ஃபார்மலின்ல பதப்படுத்தி, சான் டியேகோவுக்குக் கொண்டு போனாங்க. 2009 டிசம்பரில் யாக்கோப்போ அன்னேசே தலைமையில் மூளையை உறைய வச்சு வெட்டினாங்க. 53 மணி நேரம். 2,401 சீவல்கள். ஒவ்வொண்ணும் 70 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம். இணையத்துல நேரலையா லட்சக்கணக்கான பேர் பார்த்தாங்க. முக்கியமா, ஒவ்வொரு சீவலை எடுக்கறதுக்கும் முன்னாடி மிச்சமிருந்த கட்டியின் மேல்பரப்பை போட்டோ எடுத்தாங்க. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

2014-ல முடிவு வந்தது. மிச்சமிருந்த பின்பக்க ஹிப்போகேம்பஸ், எல்லாரும் நினைச்சதை விட அதிகம். செல்கள் அங்க இருக்கு! அப்போ ஏன் ஞாபகம் இல்லை? அதுக்குள்ள செய்தி போற வாசல் இருக்கே, என்டோரைனல் கார்டெக்ஸ், அது ஏறக்குறைய முழுசா போயிருந்தது. வீடு பாதி நிக்குது, வாசல் இல்லை. அது மட்டுமில்லை, இடது பக்கம் நெற்றிக்குக் கீழே மூளையில் ஒரு சின்ன காயம் இருந்தது. 55 வருஷம் ஹென்றியை விடாம பரிசோதிச்சவங்க யாருமே அதைச் சந்தேகப்படலை.

அறுவை மருத்துவரின் கை சொன்னது ஒண்ணு. ஸ்கேன் அதைத் திருத்துச்சு. திசு ஸ்கேனைத் திருத்துச்சு. ஹென்றியை உயிரோட இருந்தப்போ அவ்வளவு வருஷம் பரிசோதிச்ச பதிவு இல்லாட்டி இந்த ரெண்டு திருத்தத்துக்கும் எந்தப் பயனும் இல்லை.

இப்போ அந்த போட்டோ விஷயம். "ஸ்கேன் இருக்கு, ஸ்லைடு இருக்கு, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்க்க வேண்டியதுதானே"ன்னு தோணும். இங்கதான் கஷ்டமே.

புது மூளை இளநீர் வழுக்கை மாதிரி. கையில எடுத்தா உருவம் மாறிடும். ஃபார்மலின்ல வாரக்கணக்கா ஊறினா பனீர் பதத்துக்கு வரும், ஆனா அந்தப் பதப்படுத்தலே எம்.ஆர்.ஐ சிக்னலை மாத்திடும். உயிரோட எடுத்த ஸ்கேனும் ஊறவச்ச மூளையின் ஸ்கேனும் ஒரே மாதிரி இருக்காது. மெல்லிசா சீவினா ஓரம் கிழியும், மடியும், சுருங்கும். பிரஷ்ஷால தூக்கி கண்ணாடியில விரிக்கிறது, காய்ச்சின பாலோட ஆடையைக் கிழியாம எடுத்து தட்டுல விரிக்கிற மாதிரி வேலை. 2,401 தடவை. அப்படி விரிச்ச ஒவ்வொரு சீவலும் கொஞ்சம் கோணியிருக்கும். வெட்டறதுக்கு முன்னாடி கட்டியின் மேல எடுத்த போட்டோதான் "நீ நிஜத்துல இந்த வடிவத்துல, இந்த இடத்துல இருந்தே"ன்னு அந்தச் சீவலுக்குச் சொல்லும். போட்டோ வழியா சீவலை ஸ்கேனோட பொருத்தணும். கம்ப்யூட்டர் உதவும்; முடிவு சரியான்னு உட்கார்ந்து பார்க்க மனுஷக் கண் வேணும்.

2013-ல ஜெர்மனியின் யூலிஷும் கனடாவின் மான்ட்ரியலும் சேர்ந்து வெளியிட்ட "பிக்பிரெயின்" இப்படி உருவானதுதான். 65 வயதில் இறந்த ஒரு பெண்மணியின் மூளை, முதல்ல எம்.ஆர்.ஐ, அப்புறம் 20 மைக்ரான் கனத்தில் 7,404 சீவல்கள். ஒரு எம்.ஆர்.ஐ புள்ளியின் உயரத்துக்குள்ள 50 சீவல் அடங்கும். ஒரு மூளைக்கு இவ்வளவு வருஷ உழைப்பு.

ஒரு மூளைதானே, அதுல என்ன தெரிஞ்சுடும்னு கேட்கிறவங்களுக்கு நம்ம ஊர் பதில் ஒண்ணு இருக்கு. சென்னை ஐ.ஐ.டி-யில் 2022-ல சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தொடங்கினாங்க. 2024 டிசம்பரில் அவங்க வெளியிட்டது "தாரணி". தாயின் வயிற்றில் 14 முதல் 24 வாரம் வரை வளர்ந்த ஐந்து கருக்களின் மூளை. 5,132 சீவல்கள். ஐநூறுக்கும் மேற்பட்ட பகுதிகளை அடையாளப்படுத்தி, முப்பரிமாணமா, உலகத்துல யார் வேணும்னாலும் இலவசமா பார்க்கலாம்.

இதன் மதிப்பு எங்கேன்னா, ஐந்தாம் மாத ஸ்கேன்ல கருவின் மூளையைப் பார்த்து "வளர்ச்சி சரியா இருக்கா"ன்னு சொல்ல வேண்டியது ஒரு ஸ்கேன் டாக்டர். அந்தத் தம்பதி அவர் வாயையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. அவர் பார்க்கிறது நிழல். அந்த வாரத்தில் நிஜமான மூளையில் எந்த செல் எங்கே இருக்கணும்னு சொல்லும் வரைபடம் இருந்தாத்தான் அந்த நிழலைப் படிக்க முடியும். நம்ம ஊர்ல, நம்ம ஊர் மருத்துவமனைகளோட சேர்ந்து செஞ்ச வேலை இது. ராக்கெட் விட்டா கொண்டாடுறோம்ல? இதையும் கொஞ்சம் கொண்டாடலாம்.

இப்போ ஏ.ஐ-க்கு வர்றேன். "இனிமே ஸ்கேனை ஏ.ஐ படிச்சுடும், டாக்டரே வேணாம்"னு வாரம் ஒரு அறிவிப்பு. நான் எதிரி இல்லை. நல்லா வந்தா எனக்கும் வேலை மிச்சம். ஆனா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த ஏ.ஐ-க்கு "இது நோய், இது நோய் இல்லை"ன்னு சொல்லிக் கொடுத்தது யார்? பெரும்பாலும் இன்னொரு டாக்டர், அதே ஸ்கேனைக் கண்ணால பார்த்து. அப்போ அந்த ஏ.ஐ கத்துக்கிட்டது நோயை இல்லை, அந்த டாக்டரின் பழக்கத்தை. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயில் மூளையின் மேலுறையில் வர்ற காயங்களில் பெரும்பகுதி சாதாரண எம்.ஆர்.ஐ-யில் தெரியவே தெரியாது, ஸ்லைடுலதான் தெரியும். டாக்டர் கண்ணுக்குத் தெரியாததை அவர்கிட்ட படிச்ச மெஷின் எங்கிருந்து கத்துக்கும்?

சரியான வழி எப்படி இருக்கும்னு ஒரு உதாரணம். அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமைலாய்டு படிவை உயிரோட இருக்கும்போதே காட்டும்னு ஒரு பெட் ஸ்கேன் மருந்து வந்தது. பேர் ஃப்ளோர்பெட்டாபிர். ஸ்கேன்ல தெரியறது நிஜமாவே அமைலாய்டுதானா? எப்படி நிரூபிக்கிறது? ஒரே வழிதான் இருந்தது. வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில் இருந்த சிலர்கிட்ட போய்க் கேட்டாங்க: "இப்போ ஒரு ஸ்கேன் எடுத்துக்கறோம். நீங்க இறந்த பிறகு மூளையைப் பார்க்க அனுமதி தர்றீங்களா?" 2011-ல வந்த முதல் கட்டுரையில் அப்படி 35 பேர். 2012-ல 59 பேர். ஸ்கேனும் ஸ்லைடும் பெரும்பாலும் ஒத்துப் போச்சு. 2012 ஏப்ரலில் அமெரிக்க எஃப்.டி.ஏ அனுமதி கொடுத்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. அந்த ஸ்கேனால அவங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. சாகப் போறோம்னு தெரிஞ்சவங்க, அந்தக் குழாய்க்குள்ள போய்ப் படுத்தாங்க.

நம்ம பக்கம் நிலைமை என்ன? பெங்களூரு நிம்ஹான்ஸில் மூளைத் திசு வங்கி பல வருஷமா இயங்குது. அதைத் தவிர இங்க பெரும்பாலானவங்களுக்கு "மூளை தானம்"னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. ஸ்கேன் சென்டர் தெருவுக்கு ஒண்ணு வந்தாச்சு. நோயைத் தெரிஞ்சுக்கிறதுக்காகச் செய்யற பிரேதப் பரிசோதனை ஏறக்குறைய இல்லாமலே போச்சு. "போஸ்ட்மார்ட்டம்"னா நமக்கு போலீஸ் கேஸ் மட்டும்தான். குடும்பம் வேணாம்கும், டாக்டரும் கேட்கத் தயங்குவார். யாரும் கேட்கலை, யாரும் தரலை.

நம்ம மக்களுக்கு மனசு இல்லைன்னு நான் ஒத்துக்க மாட்டேன். உறுப்பு தானத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்மாதிரி. 2023-ல இருந்து தானம் செய்தவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு. இது ஒரே நாள்ல வரலை. 2008-ல ஒரு டாக்டர் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைஞ்ச தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தாங்க, ஊரே பேசுச்சு, அப்புறம் கேட்கிறதுக்கு ஆள் வச்சாங்க, அமைப்பு வந்தது. மூளைக்கு அந்தப் பேச்சே இன்னும் ஆரம்பிக்கலை.

ரெண்டையும் குழப்பிக்காதீங்க. மூளைச்சாவுக்குப் பிறகு செய்யற உறுப்பு தானத்தில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் இன்னொருத்தருக்குப் போகும். மூளையை யாருக்கும் பொருத்த முடியாது. மூளை தானம் முழுக்க ஆராய்ச்சிக்கு. வீட்டில், ஆஸ்பத்திரியில், வயசாகி, எப்படி இறந்தாலும் தரலாம், ஆனா சில மணி நேரங்களுக்குள்ள எடுக்கணும். தலையின் பின்பக்கமா திறந்து எடுப்பாங்க, முகம் மாறாது. உடலை குடும்பத்திடம் கொடுத்துடுவாங்க, வழக்கமான சடங்கு செய்யலாம். மூளை நோய் இல்லாதவங்களும் தரலாம், தரணும். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான மூளை இல்லாம நோயுள்ள மூளையை வச்சு என்ன பண்றது?

அரசும் ஆராய்ச்சி மையங்களும் செய்ய வேண்டியது: புது எம்.ஆர்.ஐ மெஷினுக்கு டெண்டர் விடுறப்பவே, அதோட ஒரு பேத்தாலஜி ஆய்வுக்கூடத்துக்கும், குடும்பத்திடம் பக்குவமா பேசத் தெரிஞ்ச ஒரு சமூகப் பணியாளருக்கும் காசு ஒதுக்கணும். அந்த ஆள் இல்லாம மத்த ரெண்டும் ஓடாது. அனுபவத்துல சொல்றேன், இறந்தவர் வீட்டில் எந்த நேரத்தில், யார்கிட்ட, எந்த வார்த்தையில் கேட்கணும்கிறது எந்த மெஷினை விடவும் கஷ்டமான தொழில்நுட்பம்.

கமெண்ட்ல வரப்போற கேள்விக்கு இப்பவே பதில்: "சரி டாக்டர், நாங்க இப்போ என்ன பண்ணணும்?" ரெண்டே விஷயம். ஒண்ணு, வீட்டில் பேசுங்க. நீங்க கையெழுத்துப் போட்டு வச்சாலும் கடைசியில் "சரி"ன்னு சொல்ல வேண்டியது வீட்டாள்தான். ரெண்டு, அப்பா அம்மாவோட பழைய தலை ஸ்கேன் சி.டி, ஃபிலிம் எல்லாம் பீரோவுக்கு மேல தூசி படிஞ்சு கிடக்கும். தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்றப்போ தூக்கிப் போட்டுடாதீங்க. ஃபிலிமை வெயில் படாத இடத்துல கவர்ல போடுங்க, சி.டி-யை ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணி, எடுத்த தேதியை மேல எழுதி வைங்க.